அடைப்புக்குறிக்குள் எழுதியவர்கள்: சிகுர் ரோஸின் ( ) ஆல்பம் ஏற்கப்பட்ட வரலாறு

2002 அக்டோபர் இறுதியில் ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் இசைக்குழு தன் மூன்றாவது முழுநீள ஆல்பத்தை வெளியிட்டது. அதற்குப் பெயர் இல்லை. மேலுறையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும் இருந்தன. உள்ளே எட்டுப் பாடல்கள். எதற்கும் தலைப்பு இல்லை. உடன் வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினால் வெற்றுத் தாள்கள். பாடகர் யோன்சி எட்டுப் பாடல்களிலும் பாடியது எந்த நாட்டு மொழியிலும் இல்லை. கேட்பவர்கள் தங்களுக்குத் தோன்றுவதை அந்தத் தாள்களில் எழுதிக்கொள்ளலாம், வரைந்துகொள்ளலாம் என்பது குழுவின் எண்ணம்.

அந்தத் தாள்களில் யார் எதை எழுதினார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விமர்சகர்கள் எழுதியது ஒன்று, கேட்பவர்கள் எழுதியது வேறொன்று. விமர்சகர்களில் பெரும்பாலோர் பனியையும் எரிமலையையும் எழுதினார்கள். அவை இந்த ஆல்பம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்ட சொற்கள். கேட்பவர்கள் பெயர்களையும் நினைவுகளையும் எழுதினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது நிலைத்திருப்பது இரண்டாவதுதான் என்பது என் முடிவு. அது நிலைத்ததற்கான காரணங்கள் இசைக்குள்ளேயே இருக்கின்றன.

ஆல்பத்துக்கு முன்பே எழுதப்பட்ட விமர்சனம்

1986இல் ரெய்க்யாவிக்கில் பங்க் இசைக்காரர்களும் கவிஞர்களும் சேர்ந்து ஸ்மெக்லெய்சா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்களின் சுகர்க்யூப்ஸ் குழு வெளியிட்ட ‘பர்த்டே’ பாடலை லண்டனின் மெலடி மேக்கர் வார இதழ் அந்த வாரத்தின் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது. ஐஸ்லாந்து இசையைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும் நடை அந்தக் காலத்தில்தான் உருவாகத் தொடங்கியது. அக்குழுவின் பாடகி பியோர்க் 1993இல் ‘டெபியூ’ ஆல்பத்துடன் தனியே வந்தபோது அந்த நடை முற்றிவிட்டது. அவரைக் குட்டித் தேவதை என்றும் காட்டுச் சிறுமி என்றும் எழுதாத இதழ் குறைவு. லண்டனின் நடனக் கூடங்களிலிருந்து தாளம் எடுத்து, நகரத்து இசைக்காரர்களுடன் உழைத்து அவர் செய்த ஆல்பம் அது. ஆனாலும் அவருடைய குரலுக்கு விளக்கம் தேடியவர்கள் ஐஸ்லாந்தின் எரிமலைக்குழம்பு வயல்களுக்கே போனார்கள்.

1999இல் ரெய்க்யாவிக் விமான நிலையத்தின் விமானக் கொட்டகை ஒன்றில் ‘ஐஸ்லாந்து ஏர்வேவ்ஸ்’ இசைவிழா தொடங்கியது. அன்று ஐஸ்லாந்தின் மக்கள்தொகை சுமார் 2,80,000. அத்தனை சிறிய நாட்டின் இசையைக் கேட்க வந்த வெளிநாட்டு நிருபர், விமானத்திலிருந்து இறங்கியதும் காண்பது கரிய எரிமலைப் பாறை; பாடலைக் கேட்பது அதற்குப் பிறகு. பார்த்தது கேட்டதன் மேல் படிந்ததற்கு இந்த வரிசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சிகுர் ரோஸ் 1994இல் ரெய்க்யாவிக்கில் உருவான குழு. பாடகரும் கிடார் கலைஞருமான யோன்சி பிர்கிசன், பேஸ் கிடார் வாசித்த கியோர்க் ஹோல்ம், டிரம்ஸ் வாசித்த ஆகுஸ்ட் குன்னார்சன் ஆகிய மூவரும் தொடங்கினார்கள். அப்போது பிறந்திருந்த யோன்சியின் தங்கை பெயர் சிகுர்ரோஸ். குழுவின் பெயர் அங்கிருந்து வந்தது. 1997இல் வந்த முதல் ஆல்பமான ‘வோன்’ வெளிநாடுகளில் அநேகமாக யார் காதிலும் விழவில்லை. 1998இல் விசைப்பலகைக் கலைஞர் க்யார்டன் ஸ்வைன்சன் சேர்ந்தார். குழுவில் முறையாக இசை பயின்றவர் அவர் ஒருவரே. அடுத்த ஆண்டு ‘அவ்கைடிஸ் பிர்யுன்’ வந்தது. ‘நல்ல தொடக்கம்’ என்று பொருள்.

அந்த ஆல்பம் 2000இல் பிரிட்டனில் ஃபேட்கேட் நிறுவனம் வழியாகவும், 2001இல் அமெரிக்காவிலும் வெளியானது. 2000இல் ரேடியோஹெட் குழுவின் ஐரோப்பியக் கச்சேரிகளில் சிகுர் ரோஸ் முன்வாசிப்புக்குப் போனது. அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் இதழ் அந்த ஆல்பத்துக்கு 10க்கு 9.4 மதிப்பெண் தந்தது. 2001இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஷார்ட்லிஸ்ட் இசைப் பரிசும் அதற்கே கிடைத்தது. விமர்சன மொழி கட்டவிழ்ந்தது. கடவுளே சொர்க்கத்தில் அழுகிறார் என்னும் அளவுக்குப் போன பாராட்டும் உண்டு. பனிப்பாறை, வடதுருவ ஒளி, கருப்பை, தேவதை ஆகிய நான்கையும் சுற்றிச்சுற்றியே அந்நாளைய கட்டுரைகள் அலைந்தன.

இங்கே ஒரு வாய்ப்பு தவறிப்போனது. ‘போஸ்ட்-ராக்’ என்ற சொல்லைப் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெய்னால்ட்ஸ் 1994இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, ராக் கருவிகளை ராக் அல்லாத நோக்கத்துக்குப் பயன்படுத்துவது என்று அதற்குத் தெளிவான தொழில்நுட்பப் பொருள் சொன்னார். கிடார் மெட்டு இசைக்கும் கருவியாக இல்லாமல் ஒலியின் நிறத்தையும் பரப்பையும் தரும் கருவியாக மாறுவதை அவர் சுட்டினார். யோன்சி செய்தது அப்பட்டமாக இதுவே. அவர் மின்கிடாரை விரலால் மீட்டாமல் செல்லோ வில்லால் இழைப்பவர். தந்தியை மீட்டும்போது ஒலி ஒரு வெடிப்பாகத் தொடங்கித் தேயும். வில் இழைத்தால் அந்தத் தொடக்க வெடிப்பு மறைகிறது; ஒலி எங்கிருந்தோ ஊறி வருவதுபோல வளர்கிறது. அதன் மேல் நீண்ட எதிரொலியைச் சேர்த்தால், காது அதைப் பெரிய வெளியாக எண்ணிக்கொள்ளும். ஏனென்றால் நிஜ வாழ்வில் நீண்ட எதிரொலி பெரிய இடங்களில்தான் கேட்கும். விமர்சகர்கள் கேட்ட ‘பரந்த நிலம்’ இப்படிக் கையாலும் கருவியாலும் செய்யப்பட்டது. அந்த வேலைப்பாட்டைப் பேசியிருந்தால் இசைக்காரர்களுக்கு உரிய மதிப்பு போயிருக்கும். நிலத்தைப் பேசியதால் மதிப்பெல்லாம் புவியியலுக்குப் போனது.

( ) ஆல்பம் பதிவான இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெய்க்யாவிக்கை அடுத்த மோஸ்ஃபெல்ஸ்பைர் ஊரின் ஆலாஃபோஸ் பகுதியில், 1930களில் கட்டப்பட்ட உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றைக் குழு வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியது. அதன் பெயரே சுந்த்லாவ்கின், நீச்சல் குளம். பனிவெளி என்று உலகம் கேட்ட ஒலி நான்கு சுவர்களுக்கு நடுவே, தண்ணீர் இறைத்துவிட்ட ஒரு தொட்டியைச் சுற்றிப் பிறந்தது.

யாருக்குப் புரியாத மொழி?

யோன்சி பாடிய அந்த ஒலிகளுக்கு ‘வோன்லென்ஸ்கா’ என்று பெயர் வைத்தார்கள். ‘வோன்’ என்றால் நம்பிக்கை. முதல் ஆல்பத்தின் அதே பெயருள்ள பாடலில்தான் இது முதலில் வந்தது. அதற்கு இலக்கணமும் அகராதியும் கிடையாது. மெட்டமைக்கும்போது பாடகர்கள் வாய்க்கு வந்த அசைகளைப் போட்டுப் பாடிப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். பிறகு சொற்கள் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். சிகுர் ரோஸ் அந்த இரண்டாம் கட்டத்துக்குப் போகாமல் முதல் கட்டத்திலேயே நின்றது. முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஜாஸ் பாடகர்களின் ஸ்கேட் பாட்டு இருந்தது. பிரான்ஸின் மக்மா குழு 1970இலேயே கற்பனை மொழியில் பாடியது. 1980களில் காக்டோ ட்வின்ஸ் பாடகி எலிசபெத் ஃபிரேசர் பொருள் பிடிபடாத சொற்களால் ஆல்பங்களை நிறைத்தார். ( ) தனித்து நிற்பது அதன் சிக்கனத்தால். சில அசைகள் கொண்ட ஒரே தொடர் சிறு மாற்றங்களுடன் ஆல்பம் முழுவதும் திரும்பத்திரும்ப வருகிறது. மொழி போன்ற தோற்றத்துக்கு வேண்டியவை எவ்வளவு குறைவு என்று சோதித்தது போலிருக்கிறது.

விமர்சனங்களில் நான் காணும் பெரிய குறை இந்த இடத்தில் வருகிறது. 2002இல் எழுதிய ஆங்கில விமர்சகர்கள் பலர், ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும், இந்த ஆல்பத்தில் பொருள் கைவிடப்பட்டுவிட்டது என்ற கோணத்திலிருந்தே தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் கொண்டாடிய முந்தைய ஆல்பம் பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியில் பாடப்பட்டது. அதிலும் அவர்களுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. குழந்தையைத் தேற்றும் ஓர் ஒலியை அந்த ஆல்பத்தின் புகழ்பெற்ற பாடலில் யோன்சி மீண்டும் மீண்டும் பாடுகிறார். ஆங்கிலம் பேசும் கேட்பவர்கள் அதைத் தங்கள் மொழியில் ‘நீதான்’ என்ற அழைப்பாகக் கேட்டு நெகிழ்ந்த கதை பலரும் அறிந்தது. அப்படியானால் ( ) ஆல்பத்தில் மொழி காணாமல் போனது உண்மையில் யாருக்கு? ஐஸ்லாந்துக்காரர்களுக்கு. தங்கள் மொழியில் பாடி வென்ற பிள்ளைகள் அடுத்த ஆல்பத்தில் அந்த மொழியையே விட்டுவிட்டதை உணரக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. வெளியே இருந்தவர்களுக்கு நிலைமை மாறவில்லை. ஒன்று மட்டும் மாறியது: இதுவரை தங்களுக்கு மட்டும் புரியாதிருந்தது இப்போது எவருக்கும் புரியாது என்றானது. அந்தச் சமநிலை ஒரு பெரிய கொடை என்று நான் கருதுகிறேன். லண்டனில் கேட்பவரும் சாவோ பாவ்லோவில் கேட்பவரும் ரெய்க்யாவிக்கில் கேட்பவரும் ஒரே தொலைவில் நிற்கும் ஆல்பங்கள் மிகக் குறைவு.

எட்வர்ட் டி. மில்லர் 2003இலேயே யோன்சியின் ஃபால்செட்டோ குரலைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆண் தன் இயல்பான குரலுக்கு மேலே ஏறிப் பாடும்போது, சொல்லுக்கும் பால் அடையாளத்துக்கும் இருக்கும் பிடி தளர்வதைப் பற்றிய சிந்தனை அது. நாளிதழ் விமர்சகர்கள் பனியில் நின்றுகொண்டிருந்தபோது அவர் தொண்டையைக் கவனித்தார் என்பதைப் பதிவு செய்யாமல் போகக்கூடாது.

2002–2004: இரண்டாகப் பிரிந்த வரவேற்பு

ஆல்பத்தின் கட்டமைப்பு எளியது. ஏறத்தாழ 72 நிமிடம். நான்கு பாடல்கள், 36 விநாடி மௌனம், மீண்டும் நான்கு பாடல்கள். முதல் பாதியில் வெளிச்சம் உண்டு. இரண்டாம் பாதி கனத்துக்கொண்டே போகிறது. ஏழாவது பாடல் 13 நிமிடம். எட்டாவது, ஏறத்தாழ 12 நிமிடப் பாடல், தணிந்து தொடங்கி ஓர்ரி தீராசனின் டிரம்ஸ் அடியில் இடிந்து முடிகிறது. ஆகுஸ்ட் விலகிய பிறகு 1999இல் குழுவில் சேர்ந்தவர் ஓர்ரி. அவருடைய அடி ஆகுஸ்டினுடையதைவிடக் கனமானது. இரண்டாம் பாதியின் எடையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ‘அமீனா’ என்ற பெண்கள் நால்வர் குழு தந்தி இசை வழங்கியது.

எதிர்ப்பு மூன்று பக்கத்திலிருந்து வந்தது. பெயரில்லாமை வெறும் பகட்டு என்றார்கள் சிலர். எல்லாப் பாடலும் ஒரே வேகத்தில், ஒரே வளைவில் ஏறி இறங்குகின்றன என்றார்கள் சிலர். முந்தைய ஆல்பத்தின் வண்ணங்கள் இதில் இல்லை என்பது மூன்றாவது குறை. 9.4 தந்த பிட்ச்ஃபோர்க் இந்த முறை 7.5 தந்தது. இரண்டாவது குற்றச்சாட்டை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஐந்தாவது, ஆறாவது பாடல்களுக்கு இடையே கவனம் நழுவும் இடம் உண்மையில் இருக்கிறது. ஆனால் ஒரே வளைவு மீண்டும் வருவதால்தான் எட்டாவது பாடலின் வெடிப்புக்கு அந்த வலிமை கிடைக்கிறது. அதைத் தனியே எடுத்துக் கேட்டால் பாதி விளைவுதான். முதல் குற்றச்சாட்டு பொருந்தாது. பகட்டு என்றால் ஏதோ ஒன்றை இருப்பதாகக் காட்ட வேண்டும். வெற்றுத்தாள் எதையும் காட்டவில்லை.

எதிர்ப்பின் ஒரு பகுதிக்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. இந்தப் பாடல்கள் பல 2000 முதலே கச்சேரிகளில் வாசிக்கப்பட்டு வந்தவை. ரசிகர்கள் கள்ளப்பதிவுகளில் கேட்டுப் பழகியிருந்தார்கள். அவர்களுக்கு 2002இல் கிடைத்தது புதிய ஆல்பம் அல்ல, ஏற்கெனவே நேசித்த பாடல்களின் நிதானமான வடிவம். மேடையின் உக்கிரம் எங்கே என்று கேட்டவர்களின் ஏமாற்றமும், முதன்முதலாகக் கேட்டு உறைந்துபோனவர்களின் பரவசமும் ஒரே ஆல்பத்தைப் பற்றியவை என்று நம்புவது கடினம்.

முதல் பாடலுக்கு ஃப்ளோரியா சிகிஸ்மொண்டி இயக்கிய காட்சிப்படத்தில் பள்ளிக் குழந்தைகள் வாயு முகமூடி அணிந்து வெளியே விளையாட வருகிறார்கள். வானத்திலிருந்து பனிக்குப் பதில் கரிய சாம்பல் விழுகிறது. 2003இல் எம்டிவி ஐரோப்பிய விருதுகளில் அது சிறந்த காட்சிப்படமாகத் தேர்வானது. குழுவே இந்த இசைக்கு ஒப்புக்கொண்ட படிமம் இப்படி நஞ்சேறிய காற்றாக இருக்க, தூய பனிவெளி என்ற வருணனை அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வியப்பாகத்தான் இருக்கிறது. 2004இல் கிராமி விருதின் மாற்று இசை ஆல்பம் பிரிவில் ( ) பரிந்துரைக்கப்பட்டது. விருது ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘எலிஃபென்ட்’ ஆல்பத்துக்குப் போனது.

பெயர்கள் திரும்பி வந்த வழி

தலைப்பு இல்லை என்று குழு சொன்னது, கேட்பவர்கள் ஏற்கவில்லை. ஒத்திகையிலும் கச்சேரிப் பட்டியலிலும் குழு தன் வசதிக்கு வைத்திருந்த பெயர்களைக் கண்டுபிடித்துப் பரப்பினார்கள். அந்தப் பெயர்களில் பாடல்களின் புனிதத்தன்மை கொஞ்சமும் இல்லை. முதல் பாடல் ‘வாகா’, ஓர்ரியின் மகள் பெயர். இரண்டாவது ‘முதலாவது’. மூன்றாவது ‘சாம்ஸ்கெய்டி’, இணைப்பு. நான்காவது ‘உளவு இயந்திரம்’. ஐந்தாவது ஒலிப்பதிவுக் கூடம் இருந்த ஆலாஃபோஸ். ஆறாவது, பேஸ் கிடாரில் பயன்படுத்திய ‘ஈ-போ’ என்ற சிறு கருவி. ஏழாவது ‘சாவுப் பாட்டு’. எட்டாவது, ஏறத்தாழ 12 நிமிட ஊழிக்கூத்து, ‘பாப் பாட்டு’. வேலை செய்யும் இடத்தின் வாடை வீசும் பெயர்கள் இவை. விமர்சகர்கள் ஏற்றிவைத்த பீடத்திலிருந்து பாடல்களை இறக்கி, நான்கு இளைஞர்கள் ஓர் அறையில் செய்த பொருளாக இவை காட்டின. இந்த வரலாற்றில் கேட்பவர்கள் செய்த மிகப் பயனுள்ள திருத்தம் இதுவே.

திரைப்படமும் உதவியது. கேமரூன் க்ரோவின் ‘வனிலா ஸ்கை’ 2001 டிசம்பரில், அதாவது ஆல்பத்துக்கு முன்பே, நான்காவது பாடலின் கச்சேரிப் பதிவை இறுதிக் காட்சியில் பயன்படுத்தியது. 2004இல் வந்த கிரெக் அராக்கியின் ‘மிஸ்டீரியஸ் ஸ்கின்’, சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான இருவர் உண்மையை எதிர்கொள்ளும் முடிவில் மூன்றாவது பாடலை வைத்தது. அந்தப் பியானோச் சுழற்சியை அமைதியான நிலக்காட்சி என்று நினைத்திருந்தவர்கள், அதைச் சொல்லவியலாத காயத்தின் இசையாகக் கேட்டார்கள். சொல் இல்லாததால் அந்தப் பாடல் அந்தக் காட்சியோடு முரண்படவில்லை; அதற்கு ஆறுதல் சொல்லவும் முயலவில்லை.

குழுவும் நிலப்பரப்பிலிருந்து கைகழுவிக்கொள்ளவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2005இல் வந்த ‘டாக்’ ஆல்பத்தின் பாடல் ஒன்று அடுத்த ஆண்டு பிபிசியின் ‘பிளானெட் எர்த்’ தொடருக்கான முன்னோட்டத்தில் ஒலித்தது. இயற்கைப் படம் என்றாலே சிகுர் ரோஸ் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு நுழைந்தது அப்போதுதான். 2006 கோடையில் ஐஸ்லாந்தின் ஊர்கள்தோறும் இலவசக் கச்சேரிகள் நடத்தி, அதை 2007இல் ‘ஹெய்மா’ என்ற ஆவணப்படமாக்கினார்கள். அருவிகளும் கைவிடப்பட்ட மீன் ஆலையும் அதில் தாராளமாக வருகின்றன.

அதே படத்தில் முற்றிலும் வேறான ஒரு பகுதி இருக்கிறது. கிழக்கு ஐஸ்லாந்தில் அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய உருக்காலைக்கு மின்சாரம் தருவதற்காகக் கவுரான்யூகர் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஸ்னைஃபெல் மலையருகே எதிர்ப்பாளர்களின் முகாமில், மின்சாரமே இல்லாமல், குழு ‘வாகா’ பாடலை வாசித்தது. இதுவரை நாம் பார்த்த நிலம் அனைத்தும் பெயரற்ற பொதுவான வெளி. இந்த நிலத்துக்குப் பெயர் உண்டு, அதை மூழ்கடிக்கப் போகும் நீர்த்தேக்கத்துக்குப் பெயர் உண்டு, அந்த மின்சாரத்தை வாங்கும் நிறுவனத்துக்கும் பெயர் உண்டு. விமர்சகர்கள் நிலத்தைப் பேசி அரசியலை மறைத்தார்கள் என்றால், இங்கே குழு நிலத்தைப் பேசி அரசியலைத் திறந்தது. ஐஸ்லாந்தின் இசைப்படங்களில் இயற்கை, தேசியம், சூழலியம் ஆகியவை பின்னியிருப்பதை ஆராய்ந்த நிக்கோலா டிப்பனும், ‘ஹெய்மா’ படத்தை இட உளவியல் நோக்கில் வாசித்த டோனி மிட்செலும் தங்கள் கட்டுரைகளை 2009இல் வெளியிட்டது தற்செயல் அல்ல. இயற்கை என்ற சொல்லை இனி வெறும் வருணனையாக விட முடியாது என்ற நிலை வந்திருந்தது.

2014இல் ஈதன் ஹைடன் இந்த ஓர் ஆல்பத்துக்காகவே ஒரு நூல் எழுதினார். புகழ்பெற்ற ‘33 1/3’ வரிசையில் வந்த அந்த நூல், பொருளற்ற ஒலியை ஒரு குறையாகப் பார்க்காமல், குரலின் உடல்தன்மை வெளிப்படும் இடமாக ஆராய்கிறது. 2002இல் பகட்டு என்று தள்ளப்பட்ட அம்சமே பன்னிரண்டு ஆண்டில் ஒரு நூலின் மையப் பொருளாகிவிட்டது.

2022இல், இருபது ஆண்டு நிறைவில், டெட் ஜென்சன் ஒலி செம்மைப்படுத்திய மறுபதிப்பு வந்தது. இன்று இணைய இசைச் சேவைகளில் இந்த ஆல்பத்தைத் தேடினால், ‘தலைப்பில்லாதது 1’ என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘வாகா’ என்று அச்சாகியிருக்கிறது. கேட்பவர்கள் பயன்படுத்திய பெயர்கள் அதிகாரபூர்வமாகிவிட்டன. பனிப்பாறையும் தேவதையும் எந்தப் பாடலுக்கும் பெயராகவில்லை.

முதன்முறையாக இந்த ஆல்பத்தைக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஸ்லாந்தின் படங்கள் எதையும் திரையில் ஓடவிடாமல், எட்டுப் பாடல்களையும் வரிசை மாறாமல், நடுவில் வரும் 36 விநாடியைத் தாவாமல் ஒரே அமர்வில் கேளுங்கள். பிறகு விமர்சனங்களைப் படியுங்கள்.